ராக்கெட் கம்பனிகள் வளர்ந்தால் கரையோர ஊருக்கு என்ன?

கரைவலை (குச்சவெளி): தமிழ்நாட்டுக் குலசேகரன்பட்டினத்தில் (குலசை) இஸ்ரோ கட்டுகிற ஏவுதளத்தைத் தனியார் கம்பனிகளுக்கும் கொடுக்கப் போகிறார்களாம். நம்ம கடலுக்கு ஏதும் பாதிப்பு வருமா? வாடியில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

மூதூரான்: பெரிதாக வராது அண்ணன். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு (வடக்கு தெற்காகப் பூமியைச் சுற்றும் பாதை) ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேரே தெற்கே, நமக்கு மேற்குப் பக்கமாகப் போய்விடும் என்றுதான் அந்த இடத்தையே பிடித்தார்கள். ஏவுகிற நாளில் தொழிலுக்குப் போகாமல் கரையில் நிற்கப்போவது அங்கத்தைய மீனவர்கள்தான்.

உப்பாறு: டெக்சாஸில் போக்கா சிக்கா என்ற குட்டிக் கரையோர ஊரைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் ஈலோன் மஸ்கின் ஸ்பேஸ்எக்ஸ் கம்பனியின் ராட்சத ராக்கெட் ஸ்டார்ஷிப் கிளம்பியபோது தளத்துக் கொங்கிரீட் பெயர்ந்து, பக்கத்து ஊர் போர்ட் இசபெல் வரை கார்களிலெல்லாம் மண்தூள். ஏவும்போது கடற்கரை ரோட்டும் பூட்டு. 2025 மேயில் வாக்கெடுத்து அதை ஸ்டார்பேஸ் என்று தனி நகரமாகவே ஆக்கிவிட்டார்கள், வாக்காளரில் பெரும்பாலோர் கம்பனி ஆட்களும் குடும்பமும்தான். வேலை வந்தது உண்மை, ஆனால் யாருக்கு?

கரைவலை: சரி, அப்போ அதே கம்பனியின் செயற்கைக்கோள் இன்டர்நெட், ஸ்டார்லிங்க்?

மூதூரான்: 2025 ஜூலையிலிருந்து இலங்கையில் இருக்கிறது. சிக்னல் ஒரு கோடும் ஏறாத ஊருக்கு நல்லதுதான், டிஷ் விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். கரண்ட் போனால் அதுவும் சும்மாதான், சோலார் இருக்கிற வீடாகப் பாருங்கள்.