வண்ணங்களுக்கு மரப்பெட்டி செய்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தெப்பக்குளக்கரைவாசி:
பெட்டியின் நான்கு பக்கமும் அடிப்பலகையும் முடிந்துவிட்டன. மூடிக்கு ஒரே அகலப் பலகையாக வேம்பு தேடி மரவாடிக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் வயதான ஆசாரி, நான் எடுத்த பலகையை வாங்கினார். வெட்டுமுகத்தில் தெரியும் வளையங்களைப் பார்த்தார், திரும்ப அடுக்கிலேயே வைத்துவிட்டார். “தம்பி, இதைச் சுற்றி ஆணி அடித்து இறுக்கினால் சித்திரை வெயிலில் வெடித்துவிடும். சட்டம் கட்டி, அதில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் பசை போடாமல் நிற்க விடுங்கள். ஐப்பசி மழையில் அகலட்டும், கோடையில் சுருங்கட்டும்” என்றார்.

வண்ணங்கள் வைக்கும் பெட்டி என்று சொன்னதும் தம்முடைய கருவிப்பெட்டியைத் திறந்து காட்டினார். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் வரைந்த ஒரு யாளி. பிடரியின் சுருள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. உடல் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடுகள். “தேர் வேலைக்காக அப்பா போட்டது” என்று சொல்லி, கோட்டின் மேல் படாமல் துண்டின் நுனியால் தூசியைத் தட்டினார். அதற்குள் லாரி வந்துவிட்டது. மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தக் கட்டங்கள் என்ன கணக்கு? தேர் வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். தூங்கும்போதுகூட அதுதான் ஓடுகிறது.

பழங்காநத்தத்தான்:
யாளி இருக்கட்டும். ஐயா, மூடிக்கு ஒற்றைப் பலகை எதற்கு? என் பெட்டி பிளைவுட். ஆண்டுக் கணக்கில் ஸ்கூட்டரின் முன்னால் நின்று பயணம் செய்கிறது, ஒரு நூல்கூட வளையவில்லை. என் கதை அவ்வளவுதான். ஆனால் புதிதாகச் செய்பவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரம் இழையின் நீளவாக்கில் அநேகமாக அசையாது. குறுக்கே மட்டும்தான் விரியும், சுருங்கும். பிளைவுட்டில் ஒரு மெல்லிய மரத்தாளின் இழைக்குக் குறுக்காக அடுத்த தாளை ஒட்டியிருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கிறது. கடையில் பலகையின் மேலுள்ள இந்தியத் தர முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்றால் பொது உபயோகத்துக்கானது, ஐ.எஸ். 710 என்றால் மரைன், அதாவது ஈரம் தாங்குகிற வகை. தூரிகை கழுவும் நீர் சிந்துகிற பெட்டிக்கு இரண்டாவதுதான் சரி. பக்கங்களுக்கு 12 மி.மீ., அடிக்கு 6 மி.மீ. போதும். ஏ3 தாள் வைப்பதானால் உள்ளளவு 420க்கு 297 மி.மீ. என்று அப்படியே வெட்டாதீர்கள்; விரல் நுழைய இடம் விடுங்கள். விளிம்பில் திருகாணி போடும் முன் துளையிடாவிட்டால் அடுக்கு பிளந்துவிடும். கீலை மூடியின் இரு முனைகளிலிருந்தும் சற்று உள்ளே தள்ளி வையுங்கள். உப்புத்தாளை இழை ஓடும் திசையிலேயே தேயுங்கள். வார்னிஷ் உட்புறத்துக்கும் வேண்டும். வெளிப்புறம் மட்டும் அடித்தால் ஈரம் உள்ளே ஏறிப் பலகை ஒரு பக்கமாக வளையும்.

செல்லூர் ஓவியை:
பழங்காநத்தத்து அண்ணன் சொல்வதில் அளவெல்லாம் சரி. ஆனால் அந்த ஆசாரி சொன்னதும் இதே விஷயம்தானே? மரத்தின் அசைவுக்கு இடம் விடு என்கிறார். அதை ஏன் தள்ளிவிட வேண்டும்?

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் வகுப்புத் தோழி எண்ணெய் வண்ணக்காரி. தகரக் கூரைக்குக் கீழே வேலை. ஆளி விதை எண்ணெயில் தோய்ந்த துணியைச் சுருட்டி, புதுப் பெட்டியின் கீழறையில் போட்டு மூடியிருக்கிறாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, ட்யூப் எடுப்பதற்காக நான் பெட்டியின் மேல் கை வைத்தேன். மரம் சுட்டது. வெயில் படாத மூலையில் இருந்த பெட்டி அது! திறந்ததும் கருகல் வாடை முகத்தில் அடித்தது. துணியின் நடுப்பகுதி பழுப்பாகிவிட்டிருந்தது. கொறட்டால் பிடித்து வாளி நீரில் போட்டேன். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் உலர்கிறது. அப்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தீப்பிடிக்கும். பெட்டியில் துணிக்கு அறை வைக்கவே வைக்காதீர்கள். வெளியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் நீர் ஊற்றிய தகர டப்பாவில் அமுக்கி மூடுங்கள்.

மேலூர் மாணவன்:
பேக்கிங் கட்டையில் பெட்டி செய்கிறவர்களுக்கு ஒன்று. நாங்கள் ஹாஸ்டலில் அப்படித்தான் செய்தோம். ஓர் இரவு பெட்டியைத் தூக்கியபோது கரித்துண்டு வைத்த அறைக்கடியில் வெள்ளைத் தூள் சிறு குவியலாகக் கிடந்தது, பக்கத்தில் குண்டூசி நுழையும் துளை. காதை வைத்தேன். உள்ளே அரிக்கும் சத்தம் கேட்டது. கட்டையில் எச்.டி. என்ற முத்திரை இருந்தால் நடுமரம் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகையூட்டியது; அதைத் தொட வேண்டாம். முத்திரையே இல்லாததை வாங்கினால் எங்கள் கதிதான். தெப்பக்குளத்து அண்ணா, நீங்கள் கேட்ட கட்டம் தாளக் கணக்காக இருக்கலாம். சிலைகளுக்கு முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்று வைத்து, அதை அங்குலம் என்னும் 12 சம பங்குகளாகப் பிரிப்பார்கள் என்று எங்கள் சிற்ப ஆசிரியர் சொல்வார். யாளிக்கும் அதே முறையா என்று அவரிடமே கேட்டு எழுதுகிறேன்.

ஒத்தக்கடைக்காரர்:
யானைமலை அடிவாரத்தில் பெட்டியை மடியில் வைத்து வரைந்துகொண்டிருந்தேன். ஆடு மேய்க்கும் அப்பத்தா ஒருவர் வந்து, “ஊசி போடுகிற பெட்டியா ஐயா?” என்று கேட்டார். வண்ணம் என்றதும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தடுப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பூவரசில் சீவிய சன்னத் தடுப்பு. அதன் வழவழப்பை மெச்சினார். பிறகு மலையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். “இந்த மண்ணு எதிலே இருக்கிறது?” என்றார். கடையில் வாங்கிய காவி வில்லையைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டார். காலடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வில்லைக்குப் பக்கத்தில் வைத்தார். நிறம் ஒட்டவே இல்லை. அவர் சொன்னதுதான் உண்மை.

புதிய பெட்டியில் அதற்கென்று ஓர் அறை விட்டிருக்கிறேன். அந்தச் செம்மண்ணைக் கரைத்துத் தெளியவைத்து வடிகட்டியாகிவிட்டது. கருவேலம்பிசினில் குழைத்து வில்லை போட்டவர்கள் இருந்தால், எத்தனை பங்கு மண்ணுக்கு எத்தனை பங்கு பிசின், தேன் சேர்க்க வேண்டுமா என்று எழுதுங்கள்.