மாடு பார்க்கப் போன மடத்தில் சாயங்கால செபம்: அது என்ன வழிபாடு?

கேள்வி | ஆனைமலை விவசாயி

வணக்கம். மீனாட்சிபுரம் தாண்டி, கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் சினைக் கிடாரி விற்பதாகச் சொன்னார்கள். தாய் மாட்டின் மடியையும் கறவையையும் பார்க்காமல் கிடாரிக்கு முன்பணம் கொடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டுப் பழக்கம், அதனால் சாயங்காலக் கறவை நேரத்துக்குப் போனேன். ஜெர்சி கலப்பு. காம்பு நாலும் சீராக இருந்தது, கறப்பதும் ஒரு சிஸ்டர்தான், அவர் வந்து உட்கார்ந்ததுமே மாடு சுரப்பு விட்டுவிட்டது. விலை பேசுவதற்குள் மணி அடித்தது. எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு சின்னக் கோயிலுக்குள் போக, பெரிய சிஸ்டர் "நீங்களும் வந்து உக்காருங்க" என்றார். சாமியார் யாரும் இல்லை, பூசையும் இல்லை. இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று, இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் அடுத்த வரி என்று மலையாளத்தில் பாடினார்கள். பால் கறந்த சிஸ்டரின் குரலும் அதில் கேட்டது. நான் சிவன் கோயிலுக்குப் போகிறவன், ஆனாலும் அந்த நேரம் மனதை விட்டுப் போகவே இல்லை. அது என்ன வழிபாடு? கிடாரியைக் கொண்டுவர மறுபடி போகும்போது என்ன முறை?

பதில் | வடகரப்பதி

மலையாளத்தில் என்றால் அநேகமாக சீரோ மலபார் மடமாக இருக்கும், அதாவது சுரியானி வழிபாட்டு மரபைப் பின்பற்றும் கேரளக் கத்தோலிக்கர். இங்கே எங்களைப் போன்ற தமிழ்க் கத்தோலிக்கர் பெரும்பாலும் லத்தீன் முறை, அதாவது ரோமை வழிபாட்டு மரபு, 2013 இல் உருவான சுல்தான்பேட்டை மறைமாவட்டம். எங்களிடம் ஆறு மணிக்கு மூவேளை செபம், அப்புறம் தமிழில் செபமாலை. அவர்கள் கூப்பிட்டு நீங்கள் போய் உட்கார்ந்ததே மரியாதைதான் அண்ணா. செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் நிற்கும்போது நின்றால் போதும், வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பதில் | பாலக்காட்டுக்காரி

என் சித்தி ஒரு மடத்தில் இருக்கிறார், அதனால் சொல்கிறேன். அதற்கு ரம்ஷா என்று பெயர், சுரியானி மரபின் மாலை வழிபாடு. அந்த மரபில் நாள் தொடங்குவதே சாயங்காலம்தான், ஞாயிற்றுக்கிழமை என்பது சனி மாலையிலேயே ஆரம்பித்துவிடும். ஆகவே நீங்கள் உட்கார்ந்திருந்தது வேலை முடிந்த களைப்பில் சொல்லும் செபத்துக்கு இல்லை, அடுத்த நாளின் முதல் செபத்துக்கு. அதில் பைபிளின் 141 ஆம் திருப்பாடல் வரும்: மன்றாட்டு தூபமாக ஏறட்டும், உயர்த்திய கைகள் மாலைப் பலியாகட்டும் என்ற பொருளில். ஒரு பக்கம் பாடும்போது மறுபக்கம் கேட்கிறது, அந்தக் கேட்பதும் செபம் என்று சித்தி சொல்வார். தொழுவ வேலையையும் செபத்தையும் அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. கேரளத்தில் சாவறை அச்சன், லெயோபோல்த் அச்சன் என்ற இரண்டு பாதிரியார்கள் சேர்ந்து 1866 இல் கூனம்மாவில் ஆரம்பித்த கன்னியர் மடமே பனம்பு என்னும் மூங்கில் பாய் மறைத்த ஒரு வீடுதான். எங்கள் வீட்டில் இன்றைக்கும் மடத்து மாடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

பதில் | கறவைக்காரர், கோபாலபுரம்

செபத்தைப் பற்றி அவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் மாட்டைப் பற்றிச் சொல்கிறேன். மணி அடிப்பதற்கு முன்னாலேயே பணக் கணக்கை முடித்துவிடுங்கள், மணிக்குப் பிறகு அவர்களை நிறுத்தி வைத்துப் பேரம் பேசுவது நன்றாக இருக்காது. ஓட்டிவரக் காலையில் போங்கள். காதில் இருக்கும் வில்லையின் 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு தடுப்பூசி விவரம் கேளுங்கள், செக்போஸ்ட் தாண்டுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்கிவிடுங்கள். நிறை சினையாக இருந்தால் வண்டியில் ஏற்றவே வேண்டாம், ஈன்ற பிறகு கன்றோடு கொண்டு வரலாம், சிஸ்டர்மார் அதுவரை பார்த்துக்கொள்வார்கள். புதுக் கயிறு நீங்கள் கொண்டு போங்கள். ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் ஒரு வாழைத்தார் போதும். ஒருவர் கையில் கொடுத்தாலும் அங்கே அது மடத்துக்கே பொது.

ஆனைமலை விவசாயி

ரொம்ப நன்றி. கிடாரிக்கு ஏழு மாதம் என்றார்கள், அப்படியானால் ஈன்ற பிறகே கொண்டுவருகிறேன். நடுவில் பூவன் தார் ஒன்று வெட்டும்போது கொண்டு போய்க் கொடுக்கப் போகிறேன், சாயங்காலமாகவே போவேன்.