இழைக்கும்போது மடக்கு பெஞ்ச் நகர்கிறது, எதைப் பார்த்து வாங்குவது?

மரத்தூள்:
வீட்டில் தச்சு வேலைக்கென்று தனி இடம் இல்லை. வேலை முடிந்ததும் மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிடுகிற கிளாம்ப் பெஞ்ச் ஒன்று வைத்திருக்கிறேன். ரம்பம் போடும்போது குறையே இல்லை. இழைப்புளியை எடுத்தால் போச்சு, பலகையோடு பெஞ்சும் சேர்ந்து ஊர்கிறது. வேறு வாங்கலாம் என்று பார்த்தால் ஒன்று 150 கிலோ தாங்குமாம், இன்னொன்று 250 கிலோவாம். அதிகம் தாங்குவதை எடுத்தால் ஆட்டம் நிற்குமா?

வயிரம்:
நிற்காது. அந்தக் கிலோ கணக்கு மேலிருந்து அழுத்தும் எடைக்கு. இழைக்கும்போது நீங்கள் தள்ளுவதோ பக்கவாட்டில்.

இந்த வகை பெஞ்ச் பிறந்ததே அறுப்பதற்காகத்தான். 1961இல் ரான் ஹிக்மன் ஒரு நாற்காலியின் மேல் பலகையை வைத்து அறுக்கப் போய், நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் யோசித்துச் செய்ததுதான் வொர்க்மேட் என்ற மடக்கு பெஞ்ச். (லோட்டஸ் எலான் காரை வடிவமைத்தவருக்கே இந்தக் கதி, நாமெல்லாம் எம்மாத்திரம்!)

வாங்கும்போது முதலில் கீழே மிதிபலகை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காலை அதில் ஊன்றினால் உங்கள் எடையே பெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு விரித்து வைத்து, தாடைகளை (கட்டையைக் கவ்வும் இரண்டு மேல் பலகைகள்) பிடித்து நீளவாக்கிலும் குறுக்கிலும் உலுக்குங்கள். கால் மூட்டுகளில் ரிவெட் லொடலொடத்தால் வேண்டாம். தூக்க லேசாக இருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள், இழைப்பவருக்கு அதுவே வினை. தாடையை இறுக்கும் இரண்டு கைப்பிடிகளும் தனித்தனியாகத் திருகுகிறதா? அப்படியானால் ஒரு பக்கம் ஒடுங்கிய கட்டையையும் பிடிக்கலாம்.

சிராய்:
காலால் மிதித்து இறுக்கும் மூன்று கால் வகையும் உண்டு. மேடுபள்ளத் தரையிலும் ஆடாது, கதவை நிமிர்த்திப் பிடிக்க அருமை. ஆனால் பலகையைப் படுக்க வைக்க அதில் மேசைப் பரப்பே கிடையாது. உங்களுக்குச் சரிவராது.

மரத்தூள்:
என்னுடையதில் மிதிபலகை இருக்கிறது, இத்தனை நாள் அதைச் சும்மா குறுக்குக் கட்டை என்று நினைத்திருந்தேன்! மணல் மூட்டை ஒன்றை அதில் வைத்தேன், நகர்வது பாதி குறைந்தது. இப்போது வேறு சிக்கல். மேலே உள்ள பிளாஸ்டிக் முளைகளுக்கு நடுவே மெல்லிய பலகையை இறுக்கினால் நடுவில் வில்லாக வளைகிறது.

வயிரம்:
மெல்லிய பலகையை இறுக்கவே கூடாது. 18 மிமீ பிளைவுட் துண்டின் அடியில் ஒரு சட்டத்தைத் திருகி, அந்தச் சட்டத்தைத் தாடைக்குள் இறுக்குங்கள். பிளைவுட்டில் நீங்கள் தள்ளும் திசையில் உள்ள ஓரத்தில் பலகையைவிடத் தணிவான ரீப்பர் ஒன்றைக் குறுக்கே அடித்தால் போதும், பலகை அதில் முட்டி நிற்கும். பெஞ்சைச் சுவரில் முட்டவைத்து, சுவரை நோக்கி இழையுங்கள்.

மரத்தூள்:
செய்து பார்த்தேன். பெஞ்ச் அசையவில்லை. சுவரில் மட்டும் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது, இடையில் ஒரு பழைய சாக்கை மடித்து வைத்திருக்கிறேன். புது பெஞ்ச் இப்போதைக்கு வாங்கவில்லை.