புதுப்பிப்பு: பக்கிங்காம் கால்வாய்ச் சுவரும் எங்கள் ஓவியமும்

மயிலாப்பூர்ப் பக்கம் கால்வாய்ச் சுவரில் தெருப் பிள்ளைகள் படம் வரையப் போவதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். வரைந்தாயிற்று. மீனும் நண்டும்தான் திட்டம். எதிர்வீட்டுப் பாட்டி வந்து, "தோணி எங்கடா?" என்று கேட்டார். 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க வெட்டிய 8 கி.மீ. கால்வாய்த் துண்டு இது, உப்பும் விறகும் தோணியில் வந்த வழி. அப்புறம் சுவர் முழுக்கத் தோணிதான்! ஒருவன் மட்டும், மேம்பாலத்தில் ஓடும் பறக்கும் ரயிலின் தூணைத் தண்ணீருக்குள் வரைந்தான். உண்மையும் அதுதானே.

சுவரில் ஈரம் ஏறி, கீழ்வரிசை மீன்கள் உரிந்துவிட்டன. போன பதிவைப் படித்துவிட்டு, முதலில் பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்கச் சொன்னவர்களே, சரி, ஒப்புக்கொள்கிறேன். படத்துக்கு முன்னால் இப்போது யாரும் குப்பை கொட்டுவதில்லை, நாலு வீடு தள்ளிக் கொட்டுகிறார்கள். சாக்கடை வழக்கம்போலக் கலக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த நாலாவது வீட்டுச் சுவர். மிச்ச பெயின்ட் இருந்தால் கொண்டுவாருங்கள்.