91.5 மீட்டர் விதியும் நம் தாமான் பின்னால் உள்ள காம்புட் நிலமும்

ஆறாவது மைல்:
நேற்று நம் தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, மலேசியாவின் 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைச்சட்டங்களே நாடு முழுவதற்கும் போதும் என்றும், நம் ஊருக்கெனத் தனித் தீப்பாதுகாப்பு விதி கேட்பவர்கள் மக்களை வீணாகப் பயமுறுத்துகிறார்கள் என்றும் பேசினார். அங்கே எனக்குப் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். நம் தாமானுக்கு மூன்று பக்கமும் செம்பனை (எண்ணெய்ப்பனை). அது நிற்பது காம்புட் மண்ணில், அதாவது முழுதும் மக்காத வேரும் மரத்துண்டும் நீருக்கடியில் காலங்காலமாகப் படிந்த கருமண்ணில். வாய்க்கால் வெட்டி நீரை வடித்த நாளிலிருந்து அந்த மண்ணே எரிபொருளாகிவிட்டது. துணைச்சட்டங்கள் சுவரையும் கூரையையும் படிக்கட்டையும் பார்க்கின்றன. வேலிக்கு அப்பால் நிலமே எரியும் என்பதைப் பார்ப்பதில்லை. கலிபோர்னியாவில் ஓர் ஊராட்சி, தன் தட்பவெப்பமும் நிலவியலும் நிலஅமைப்பும் இப்படிப்பட்டவை என்று எழுத்தில் காரணம் காட்டி, மாநிலக் கட்டட விதியைத் தன் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ள முடிகிறது. நாம் கேட்டால் மட்டும் அது பீதியா?

பழைய கிராணி:
பேசியவன் நான்தான், மறைந்து நிற்க வேண்டிய தேவை எனக்கில்லை. துணைச்சட்டம் 225 தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் 91.5 மீட்டருக்குள் ஒரு தீயணைப்பு நீர்க்குழாயாவது இருக்க வேண்டும். நம் வரிசையில் முச்சந்தியில் குழாய் இருக்கிறது, தூரம் 91.5 மீட்டரைத் தாண்டவில்லை. விதி நிறைவேறிவிட்டது. கலிபோர்னியாவின் காய்ந்த மலைக்காடும் நம் மழை நாடும் ஒன்றா? 'ஆபத்தான நிலம்' என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், நாளை இந்த வீடுகளுக்கு எந்த வங்கி கடன் தரும் என்று யோசித்தீர்களா?

வாய்க்கால் ஓரம்:
ஐயா, அந்த விதியை முழுதாகப் படியுங்கள். 91.5 மீட்டர் என்பது தீயணைப்பு வண்டி வந்து நிற்கக்கூடிய இடத்திலிருந்து அளக்கப்படுவது. நம் தீ தெருவழியாக வருவதில்லை. என் வீட்டின் பின்வேலிக்கு அப்பால் வாய்க்கால், அதற்கப்பால் செம்பனை. வெயில் மாதங்களில் அங்கே புல் பச்சையாக நிற்கும்போதே மண் வெடிப்பிலிருந்து வெண்புகை கசிவதை நான் பார்த்திருக்கிறேன். வேர் எரிந்துபோன மரம், இலை வாடுவதற்கு முன்பே சாய்ந்துவிடுகிறது. பொம்பாவின் தீயணைப்பு வண்டி எங்கே நிற்கும்? அந்த மண்வரப்பில் லாரிகூட ஏறாது. மேலே நீரைப் பீய்ச்சினால் புகை ஒருநாள் அடங்கும், பிறகு பத்தடி தள்ளிக் கிளம்பும். நிலத்தடியில் கனலும் தீயை அணைக்க வேண்டுமானால் வாய்க்காலைத் தடுத்து நீர்மட்டத்தை உயர்த்த வேண்டும், இல்லையேல் ஆழ்குழாய்க் கிணற்றுநீரால் நிலத்தையே ஊறவைக்க வேண்டும். முச்சந்திக் குழாய் இவற்றில் எதைச் செய்யும்?

பழைய கிராணி:
தம்பி, நான் இந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். எனக்கு வாய்க்காலைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டாம். 91.5 மீட்டர் என்றால் 91.5 மீட்டர்தான். பின்வேலித் தீயைப் பற்றி இவ்வளவு எழுதும் நீங்கள், பின்வேலி ஓரத்தில் காய்ந்த மட்டையைக் கொளுத்துவது யார் என்றும் எழுதுங்கள். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. இருக்கும் சட்டத்தைக் கடைப்பிடிக்காதவர்களுக்குப் புதுச் சட்டம் எதற்கு?

நடு வீடு:
கொளுத்துவதைப் பற்றிப் பேசுபவர் சமையலறையைப் பின்சந்து வரைக்கும் இழுத்துக் கட்டியதைப் பற்றியும் பேசட்டும். அந்தச் சந்து தீக்காலத்தில் ஆட்கள் வெளியேற விடப்பட்ட இடம். இப்போது அதில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. 91.5 மீட்டரை நீட்டிக் காட்டும் கை, அந்தத் தகரக் கூரையையும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்.

பழைய கிராணி:
என் சமையலறைக்கு அனுமதி இருக்கிறது. உங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் கூரைக்கு இருக்கிறதா?

வாய்க்கால் ஓரம்:
சமையலறைச் சண்டையில் என் கேள்வியை மூழ்கடிக்க வேண்டாம். அந்தக் குழாயின் அருகே சென்று பாருங்கள். காய்ந்த காம்புட் சுருங்கி நிலம் இறங்கியதால் அதன் அடிக் கான்கிரீட் வெளியே தெரிகிறது. எங்கள் வாசற்படிக்கும் தரைக்கும் இடையே கை நுழைகிறது. இறங்கும் நிலத்தில் புதைந்த குழாயின் இணைப்புகள் எத்தனை நாள் தாங்கும்? நம் ஊர் விதி இதைத்தான் கேட்க வேண்டும்: இறக்கத்துக்கு வளைந்து கொடுக்கும் இணைப்பு, வாய்க்காலிலிருந்து நீரை உறிஞ்ச வண்டி நிற்கக்கூடிய கெட்டியான மேடை, தோட்ட எல்லையில் எப்போதும் நீர் நிற்கும் பள்ளம். காம்புட்டில் செம்பனை வைப்பவர்கள் நீர்மட்டத்தை 40 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் வைத்திருப்பதே நல்ல முறை என்று அந்தத் தொழிலிலேயே சொல்கிறார்கள். தாமான் ஓரத்தில் அதைக் கட்டாயமாக்குங்கள் என்கிறேன்.

ஆறாவது மைல்:
மழை நாடு என்றீர்களே, ஐயா. 2005 ஆகஸ்டில் கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோதும் இது மழை நாடாகத்தான் இருந்தது.

பழைய கிராணி:
அது சுமத்ராவிலிருந்து வந்த புகை. அதற்கு நம் ஊராட்சி பள்ளம் வெட்டினால் தீருமா? நீங்கள் மெச்சும் கலிபோர்னியாவில், இத்தனை விதிகள் இருந்தும், 2018இல் பேரடைஸ் என்ற ஊர் எரிந்து 85 பேர் மாண்டார்கள். கட்டடத்தைச் சுற்றி 100 அடிக்குச் செடிகொடியைக் குறைக்கச் சொல்லும் மாநிலம் அது. தவிர, துணைச்சட்டங்களை ஊராட்சி நினைத்தபடி திருத்த முடியாது. தெருக்கள், வடிகால், கட்டடச் சட்டத்தின்படி அவற்றை இயற்றும் அதிகாரம் மாநில அரசுக்குத்தான். விதி 91.5 மீட்டர் என்கிறது, குழாய் 91.5 மீட்டருக்குள் இருக்கிறது. இதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வாய்க்கால் ஓரம்:
பதில் சொல்லிவிட்டேன்; நீங்கள் படிக்கவில்லை. பேரடைஸ் ஊரின் பழைய வீடுகள் பலவும் 2008க்குப் பிந்தைய காட்டுத்தீக் கட்டட விதிகள் வருமுன் எழுந்தவை. விதி பிந்தி வந்தால் என்ன ஆகும் என்பதற்கே அந்த ஊர் சாட்சி. அதிகாரத்தைப் பற்றிப் பாதிதான் சொன்னீர்கள். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 102ஆம் பிரிவு, மக்களின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் துணைச்சட்டம் இயற்ற ஊராட்சிக்கு அதிகாரம் தருகிறது. மாநில அரசு அதை உறுதிசெய்தால் போதும். ஆகவே 'முடியாது' என்பது பொய், 'கேட்க மாட்டோம்' என்பதே உண்மை. தோட்டத் தொழிலாளர் லயத்துப் பலகை வீட்டில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்குச் சாய்ந்து அடுத்தடுத்த வீடுகள் எரிந்ததைப் பார்த்த தலைமுறை உங்களுடையது. அன்றைக்குத் தோட்ட நிர்வாகத்தின் கணக்கேட்டை எழுதிய கை, இன்றைக்கும் நிர்வாகத்துக்காகவே எழுதுகிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

பழைய கிராணி:
என் சம்பளத்தைப் பற்றியும் என் கையைப் பற்றியும் பேச உங்களுக்கு உரிமை இல்லை. அந்தக் கை எழுதிக் கொடுத்த கடிதத்தால்தான் லயத்துக்குத் தண்ணீர்க் குழாயே வந்தது. உங்கள் தகப்பனாரைக் கேளுங்கள்.

வாய்க்கால் ஓரம்:
அவரையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை மாலை அளவு நாடாவோடு பின்வேலிக்கு வருகிறேன். வண்டி நிற்கும் இடம் எது என்று நீங்களே காட்டுங்கள், அங்கிருந்து அளப்போம்.

பழைய கிராணி:
பின்வேலிக்கு நான் ஏன் வர வேண்டும்? அளப்பதாக இருந்தால் முச்சந்தியிலிருந்து அளந்து பாருங்கள். 91.5 மீட்டருக்குள்தான் வரும்.