நீர் கோர்த்த முழங்கால்: ஊசியா, பயிற்சியா, எது முதலில்?

பயிற்சி சிகிச்சை தருபவர்
எக்ஸ்ரேயில் "தேய்மானம்" என்று எழுதியிருக்கும். ஆனால் தேயும் குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாது. வலிப்பது பெரும்பாலும் மூட்டின் உட்சவ்வு, அடி எலும்பு, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திட்டு. சவ்வு அழன்றால் நீர் சுரக்கும். 20, 30 மில்லி சேர்ந்தாலே தொடையின் உட்பக்கத் தசை சுணங்கிவிடும். அந்தக் காலை வைத்துக் குந்தி எழுந்தால் வீக்கம்தான் கூடும்.

நீர் இருக்கிறதா என்று பார்க்க, காலை நீட்டிப் படுங்கள். சில்லின் உட்பக்கப் பள்ளத்தைக் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை வழித்துவிட்டு, வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவுங்கள். உட்பள்ளம் மெல்ல உப்பி வந்தால் நீர் இருக்கிறது. வழித்த கையை எடுத்ததுமே நிரம்பினால் நிறையவே இருக்கிறது.

அப்போது ஒரே பயிற்சி போதும். முழங்காலடியில் சுருட்டிய துண்டு, அதைக் கீழே அழுத்தி 5 நொடி, 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. அடுத்தது காலை நீட்டியபடி தூக்குவது. தூக்கும்போது முட்டி லேசாக மடங்கினால் அவசரப்பட்டுவிட்டீர்கள், துண்டுக்கே திரும்புங்கள். செய்யும்போது வலிப்பதைவிட மறுநாள் காலை வீக்கம் எப்படி என்பதே கணக்கு.

மருந்தாளுநர்
வலிக்குத் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல் பலனில்லை என்பவர்கள் பட்டாணி அளவுதான் தடவுகிறார்கள். 1% ஜெல் என்றால் முழங்காலுக்கு வேளைக்கு 4 கிராம், நாளுக்கு 4 வேளை. ஜெல்லோடு வரும் அளவு அட்டையில் அது ஏறக்குறைய 11 செ.மீ. நீளம். தடவி ஒரு மணி நேரம் கழுவக் கூடாது. மேலே வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். சிறுநீரகக் கோளாறோ ரத்தம் உறையாமைக்கான மாத்திரையோ இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

மூட்டு ஊசி போடும் மருத்துவர்
முதலில் நீரை உறிஞ்சுவோம். கலங்கலாக வந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ ஸ்டீராய்டு கிடையாது; நீர் பரிசோதனைக்குப் போகும். தெளிவாக இருந்தால் வழக்கமாக டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி. முதல் ஓரிரு நாள் வலி கூடலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், இதைச் சொல்லாமல் விட்டால் பயந்துபோவார்கள். இந்த ஊசியை 12 வாரத்துக்கு ஒருமுறை என்று இரண்டு ஆண்டு போட்டுப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. உப்புநீர் ஊசியைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. ஆகவே ஊசி, மேலே சொன்ன பயிற்சிக்குச் சில வாரம் வாங்கித் தரும் அவகாசம். வலி போய்விட்டதென்று பயிற்சியை விட்டவர்தான் மறுபடி வருவார்.

ரத்தக்குழாய் கதிரியக்க மருத்துவர்
அழன்ற சவ்வில் புதிதாக முளைக்கும் சிறு ரத்தக்குழாய்களைத் துகள் விட்டு அடைக்கும் முறையும் இருக்கிறது. ஜப்பானில் தொடங்கியது. துகள் தோலுக்குப் போனால் அங்கே புண்ணாகும். அதனால்தான் முழங்கால் மேல் ஐஸ் வைத்துத் தோலின் குழாய்களைச் சுருக்குகிறோம். எலும்போடு எலும்பு உரசும் முற்றிய மூட்டுக்கு இதில் பலன் குறைவு.

பயிற்சி சிகிச்சை தருபவர்
ஒன்று விட்டுப்போயிற்று. கைத்தடி வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில். பாதிப்பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.