சூரியன் தெரியாத கடலுக்கு உயிரினங்கள் வேணும், உதவுங்கோ

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில இருந்து எழுதுறன். எங்கட வாசிகசாலைப் பிள்ளையளுக்காக ஒரு கதை எழுதுறன். அதில வாற கோள் முழுக்கப் பனிக்கட்டி, அடியில இருட்டுக் கடல். வியாழனின்ர நிலவு யூரோப்பாவிலயும் பனிக்குக் கீழ இப்பிடி ஒரு கடல் இருக்கு எண்டுதான் ஆய்வாளர்கள் நம்பினம். அதை ஆராய 2024 ஒக்டோபரில ஒரு விண்கலமும் வெளிக்கிட்டது.

வெளிச்சம் இல்லாத இடத்தில என்னத்தைத் தின்னுறது? 1977இல கலாபகஸ் தீவுகளுக்குக் கிட்ட, ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில குழாய்ப்புழுக்களைக் கண்டவை. வாயும் இல்லை, குடலும் இல்லை. உடம்புக்குள்ள இருக்கிற பக்ரீரியாதான் சாப்பாடு குடுக்குது. அதைக் கதையில சேர்த்திட்டன்.

இனி எங்கட தண்ணியில இருக்கிறதுகள் வேணும். குளம் வத்தேக்க விரால் சேத்துக்குள்ள புதைஞ்சு கிடக்குமெல்லோ, அப்பிடி ஒண்டு கட்டாயம் வரவேணும். முல்லைத்தீவு, நந்திக்கடல் பக்கம் தொழில் செய்யிற அண்ணாமார், ஐயாமார், இரவில கடல் மினுங்கிறதுக்கு நீங்கள் என்ன சொல்லுறனீங்கள்? களப்பில இறாலும் நண்டும் இருட்டில என்ன செய்யும்? கண்டதை உங்கட பேச்சிலயே எழுதுங்கோ, குரல்பதிவு எண்டாலும் சரி. படம் கீறத் தெரிஞ்ச தம்பி தங்கச்சிமாரும் சொல்லுங்கோ.